மயிலை ஒட்டி முடித்தது நான்தான்

பெரியவனுக்கு 5 வயது முடிந்த அன்று, தஞ்சாவூரில் ஒரு கடையில் 650 ரூபாய் கொடுத்து ஒரு கைவேலைப் பெட்டி வாங்கினேன். பெட்டி மேல் பளபளவென்று ஒரு மயில். உள்ளே மயில் வரைந்த அட்டை, எண் போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பாக்கெட் ஜிகினா வில்லை, ஒரு பசை டப்பா. 1 என்றால் நீலம், 2 என்றால் பச்சை. எண்ணைப் பார்த்து ஒட்டிக்கொண்டே போனால் பெட்டி மேல் இருக்கும் மயில் வந்துவிடும்.

அலகை ஒட்டினான். கொண்டையில் பாதி ஒட்டினான். மூன்றாவது பாக்கெட்டைப் பிரிக்கும்போதே அவன் கண் வாசல் பக்கம் போய்விட்டது. "அம்மா, மிச்சத்த நீயே ஒட்டிடேன்" என்று எழுந்து ஓடினான். 650 ரூபாய் வீணாகக் கூடாதே என்று ராத்திரி 10 மணி வரை உட்கார்ந்து தோகையை நான் முடித்தேன். மறுநாள் வந்தவர்கள் எல்லாம் "தம்பியா செஞ்சுது!" என்று அவன் கன்னத்தைத் தொட, அவன் அப்பாயி முந்தானையைப் பிடித்துக்கொண்டு "அது அம்மா செஞ்சது" என்றான். பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை அந்தக் குரலில். பக்கத்து வீட்டுப் பொருளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

அந்தக் குரல் எனக்கு மறக்கவில்லை. இப்போது அவனுக்கு 8 வயது, சின்னவளுக்கு 4. பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். குடமுருட்டி ஆறு கூப்பிடு தூரம். இந்த மூன்று வருடத்தில் நிறைய பெட்டிகள் வாங்கியிருக்கிறேன், அதைவிட நிறைய வாங்காமல் வந்திருக்கிறேன். எங்கள் தெருப் பிள்ளைகள் விடுமுறையில் எங்கள் திண்ணையில்தான் கூடுவார்கள் என்பதால், ஏழெட்டுப் பிள்ளைகளின் கைகளை வருடக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்க்கும் பாக்கியமும் கிடைத்தது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கடையில் ஒரு பெட்டியைக் கையில் எடுத்ததும் இப்போது நான் முதலில் பார்ப்பது, இதில் பிள்ளை முடிவு பண்ண என்ன மிச்சம் இருக்கிறது என்பதை. மயில் பெட்டியில் நிறம், இடம், உருவம் எல்லாவற்றையும் யாரோ முன்னமே முடிவு பண்ணிவிட்டார்கள். பிள்ளைக்கு விட்டுவைத்தது பசை தடவுகிற வேலை மட்டும். அதே கடையில், அதே விலைக்கு, பெரிய துளை உள்ள மரமணிகளும் இரண்டு கயிறும் இருந்தன. அந்தப் பெட்டி மேல் படம்கூடப் பெரிதாக இல்லை. அதை ஒரு வருடம் கழித்து வாங்கினேன். மாலையானது, ரயிலானது, கூட்டல் கணக்கானது, சின்னவள் சமையல் விளையாட்டில் உருண்டைக் குழம்பானது. இன்னும் வீட்டில் இருக்கிறது. ஒரு தடவை செய்து முடித்ததும் மாட்டிவைக்க வேண்டிய பொருளா, கலைத்துவிட்டு மறுபடி தொடங்கக்கூடிய பொருளா என்பதுதான் என் இரண்டாவது கேள்வி.

எண் போட்ட பெட்டி எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். என் நாத்தனார் மகளுக்கு 10 வயது. மூன்று நாள் உட்கார்ந்து ஒரு புள்ளி விடாமல் ஒட்டி முடித்து நிமிரும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. சொன்னபடி செய்து முடிப்பதில் ஒரு சுகம் வருகிற வயது அது. 5 வயதுக்கு அந்தச் சுகம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். பெட்டியில் "5+" என்று போட்டிருப்பது அந்த வயதில் கொடுத்தால் ஆபத்து இல்லை என்பதற்கும்தான். உங்கள் பிள்ளைக்கு அதில் மனசு நிற்குமா என்று அந்த எண் சொல்லாது.

ஆபத்து என்றதும் இதைச் சொல்லிவிட வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களை உரிமையோடு செய்பவர்களுக்கும் இதில் விலக்கு உண்டு. அதனால் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையில் முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஆனால் பொம்மையை வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு அந்தச் சாயம் பூசிய பொம்மையைக் கொடுக்காதீர்கள். அது எட்ட இருந்து தட்டிவிட்டு ரசிக்க வேண்டியது.

மூன்று பொருள்களை நான் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. ஒன்று, தண்ணீரில் போட்டால் பெரிதாக ஊதும் ஜெல்லி மணிகள். கடுகு மாதிரி இருக்கும்போது பிள்ளை விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் போய் ஊதிக் குடலை அடைக்கும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவும் தெரியாது. இரண்டாவது, மணி அளவுக் காந்தங்கள். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். மூன்றாவது, மூடியைத் திருகாணி போட்டு இறுக்காத பொம்மைகளில் வரும் பொத்தான் பேட்டரி. தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துவிடும் அளவுக்கு அது மோசம். சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை இந்த மூன்றும். வில்லை, மணி, பொத்தான் எல்லாம் 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் மேல் தட்டில்தான் இருக்க வேண்டும். அண்ணன் பெட்டி திறந்தால் தங்கை கை அங்கே போகும்.

கடையில் வாங்காத பொருளிலும் கவனம் வேண்டும் என்பதை ஒரு பிள்ளையார் சதுர்த்தி அன்று தெரிந்துகொண்டேன். மண் பிள்ளையாருக்குக் கண் வைக்க அத்தை, அதாவது பிள்ளைகளின் அப்பாயி, குண்டுமணி எடுத்துவந்திருந்தார்கள். சிவப்பும் கருப்புமாக அவ்வளவு அழகு. இரண்டு கண் போக மீதியை ஒரு கிண்ணத்தில் போட்டு, பிள்ளைகள் கோலத்தில் பதிக்கட்டும் என்று திண்ணையில் வைத்துவிட்டேன். அப்போது சின்னவளுக்கு 2 வயது. கன்னத்துக்குள் எதையோ உருட்டிக்கொண்டு வந்து நின்றாள். விரலை விட்டு எடுத்தால் முழுசாக ஒரு குண்டுமணி. மென்றிருக்கவில்லை. குண்டுமணிக்குள் இருப்பது கடுமையான விஷம்; மேல்தோல் கெட்டியாக இருப்பதால் முழுசாக விழுங்கினால் பல சமயம் அப்படியே வெளியே வந்துவிடும், மென்றாலோ துளை போட்டிருந்தாலோ உயிருக்கே ஆபத்து. குண்டுமணி கோத்த மாலை, வளையல் எல்லாம் துளை போட்டவைதான் என்பதை நினைவில் வையுங்கள். அன்று முதல் எங்கள் வீட்டுப் பிள்ளையாருக்கு மிளகுதான் கண். அத்தையே முதலில் சொன்னார்கள், "பிள்ளையாரு கோச்சுக்க மாட்டாரும்மா, பிள்ளைங்கதான் முக்கியம்" என்று.

சரி, மண்ணுக்கு வருவோம். டெல்டாவில் பிறந்த பிள்ளைக்குக் கடையில் களிமண் டப்பா வாங்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. மே மாதம் ஆறும் வாய்க்காலும் காய்ந்து கிடக்கும். குளத்து அடியில் மண் பாளம் பாளமாக வெடித்து நிற்கும். சாக்கடை கலக்காத குளமாகப் பார்த்து, கண்ணாடிச் சில்லு, முள் இல்லாத இடமாகப் பார்த்து, நாலு பாளம் பெயர்த்துக்கொண்டு வருவோம். அதைச் சுத்தியால் தட்டிப் பொடியாக்குவதே பிள்ளைகளுக்குப் பாதி விளையாட்டு. பொடியை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். காலையில் கையால் கலக்கி, பழைய சல்லடையில் வடிகட்டினால் வேர், கல், நத்தை ஓடு எல்லாம் மேலே நின்றுவிடும். கீழே இறங்கும் குழம்பைச் சாக்கு மேல் ஊற்றி நிழலில் வைத்தால், ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் இறங்கிக் கையில் ஒட்டாத பதம் வரும். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டி, அதுதான் பதம். அப்படியே செய்து காயவைத்தால் நம் ஊர் மண் வெடிக்கும். ஒரு கைப்பிடி உமியோ, சலித்த ஆற்று மணலோ சேர்த்துப் பிசைந்தால் வெடிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். நகரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் கேட்டால் பிசைந்த மண்ணே ஒரு உருண்டை கொடுப்பார்கள்.

முதல் நாள் எல்லாருக்கும் மாட்டுக்குக் கால் நிற்காது. பெரியவன் நாலு காலை உருட்டி வயிற்றில் ஒட்டினான், காய்ந்ததும் நாலும் உதிர்ந்தன. அழுதுவிட்டான். எனக்குக் கை துறுதுறுத்தது. மயில் ஞாபகம் வந்து கையைக் கட்டிக்கொண்டேன். மறுநாள் தெருக்கோடியில் இருக்கும் பெரியம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒட்டற எடத்துல ரெண்டு பக்கமும் ஈர்க்குச்சியால கீறிவிட்டு, சேறு தொட்டு வை கண்ணு" என்று சொல்லிப் போனார். ஒரே ஒரு வரி. அவன் கீறினான், குழம்புச் சேற்றைத் தடவினான், அழுத்தினான். கால் நின்றது. அந்த மாடு இப்போதும் சாமி அலமாரிக்குக் கீழே நிற்கிறது. ஒரு கொம்புதான் இருக்கிறது. யார் வந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுகிறான், கீறிவிட்டு ஒட்டணும் என்று பாடமும் எடுக்கிறான்.

நாலு வயசுக்காரி செய்வது வேறு. அவளுக்கு மாடும் வேண்டாம், யானையும் வேண்டாம். மண்ணைத் தட்டி அப்பளமாக்கி, அதில் எதையாவது அழுத்தி எடுப்பாள். புளியங்கொட்டை, வேப்பிலை, அப்பாயியின் மூக்குக்கண்ணாடிக் கூடு, தன் குதிகால். ஒரு நாள் முழுக்க இது ஓடும். கடைசியில் எல்லாவற்றையும் உருட்டிப் பழையபடி உருண்டையாக்கி ஈரத்துணி சுற்றி வைத்துவிடுவாள். காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அவளுக்கு அது குறையாகவே தெரியவில்லை என்பதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குப் புரிந்தது. சின்னப் பிள்ளைக்குச் செய்வதுதான் விளையாட்டு. செய்து முடித்த பொருள் நமக்குத்தான் வேண்டியிருக்கிறது.

ஒரு தடவை அவர்களைச் சுவாமிமலைக்கு அழைத்துப்போனோம், சிலை செய்யும் பட்டறையைக் காட்ட. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து சிலையை மெழுகில் செய்வதையும், அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாகப் பூசுவதையும் பார்த்தார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள் என்று பட்டறைக்காரர் பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பெரியவன் ஒரு கரண்டியை மண்ணில் அழுத்தி எடுத்து, அந்தக் குழியில் கோதுமை மாவை நிரப்பிப் பார்த்தான். நான் எதுவும் சொல்லித்தரவில்லை. பத்துப் பெட்டி வாங்கும் காசுக்கு ஒரு பட்டறையை அரை நாள் பார்க்க வைப்பது மேல் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, அவர்கள் வேலை கெடாமல் ஓரமாக நின்று பாருங்கள்.

தலையாட்டி பொம்மையையும் வீட்டில் செய்துபார்க்கலாம். முட்டையின் கூர்முனையில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே இருப்பதைச் சமையலுக்கு எடுத்துவிட்டு, காலி ஓடு முழுவதையும் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். அந்த ஓட்டை வழியாக ஈர மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போட்டு, குண்டான அடியில் சரியாக நடுவில் படியும்படி தட்டி, நிமிர்த்தி வைத்துக் காயவிட வேண்டும். மேலே காகிதக் குல்லா. அப்புறம் எந்தப் பக்கம் சாய்த்தாலும் எழுந்து நிற்கும். தஞ்சாவூர் பொம்மையிலும் இதே சங்கதிதான்: அடி உருண்டையாக இருக்க வேண்டும், கனம் முழுக்க அடியில் இருக்க வேண்டும். மண் ஒரு பக்கமாகச் சாய்ந்து காய்ந்தால் பொம்மையும் சாய்ந்தே நிற்கும். எங்களுடையதில் மூன்றில் ஒன்று அப்படித்தான். அதற்கு "தூங்குமூஞ்சி" என்று பெயர் வைத்தார்கள்.

வண்ணத்துக்கு மஞ்சள்தூள் போதும். தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசிக் காயவைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பஞ்சுக்குச்சியைத் தொட்டு வரைந்தால் கோடு செக்கச்செவேலென்று எழும். எலுமிச்சைச் சாறு தொட்டால் திரும்ப மஞ்சள். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதும் இதனால்தான். ஆனால் பிள்ளை கையில் சுண்ணாம்பு கொடுக்கக் கூடாது, கண்ணில் பட்டால் பெரிய விபரீதம்.

காசு கொடுத்து நல்லதாக வாங்க வேண்டிய ஒரே பொருள் கத்தரிக்கோல். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சின்னவள் இடது கைக்காரி. பள்ளியில் எல்லாரும் தாள் வெட்டும்போது இவள் தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கைவேலையில் ஆர்வம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தைக்கும் சோற்றுக்கையால் செய்யவில்லையே என்று வருத்தம். ஒரு சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கத்தரிக்கோலைப் பிடித்திருந்த விதம் சரி, தாளைப் பிடித்த விதமும் சரி. ஆனால் அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றோடொன்று உரசாமல் விலகிப் போகிறது, தாள் நடுவில் மடிந்து சிக்கிக்கொள்கிறது. வெட்ட வேண்டிய கோட்டையும் மேல் அலகே மறைக்கிறது. அதே கத்தரிக்கோலை நான் இடது கையில் பிடித்து வெட்டிப் பார்த்தேன், எனக்கும் தாள் மடிந்தது. சாதாரணக் கத்தரிக்கோல் வலது கை அழுத்தத்துக்கு என்று அமைந்தது. இடது கைக்கு அலகை மாற்றி வைத்துச் செய்த கத்தரிக்கோல் தனியாக இருக்கிறது. அதை வரவழைத்தோம். முனை மழுங்கியது, ஆனால் அலகு கூர்மை. வந்த அன்று செய்தித்தாளில் பாதி தீர்ந்தது. நேராக வெட்டினாள், வளைத்து வெட்டினாள், பெரியவன் பரீட்சை அட்டவணையையும் வெட்டினாள். அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்தக் கையா இருந்தா என்ன, நல்லா வருதே" என்று தென்னங்கீற்றில் கைக்கடிகாரம் பின்னிக் காட்ட உட்கார்ந்துவிட்டார்கள். அதிலும் அவள் இடம் வலம் மாற்றித்தான் பின்னுகிறாள்.

வெட்டாத கத்தரிக்கோல், ஒட்டாத பசை, தேய்த்தும் நிறம் வராத கிரையான், இந்த மூன்றும்தான் பெரும்பாலான மலிவுப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துவிடுகிறது. பெட்டிக்குப் பதிலாக ஒரு நல்ல கத்தரிக்கோல், வெள்ளைப் பசை ஒரு டப்பா, 12 கிரையான், தையற்கடையில் கேட்டு வாங்கிய வெட்டுத்துணி, பழைய அட்டைப்பெட்டி. எங்கள் வீட்டில் ஒரு வருடம் ஓடுகிறது. உடனே ஒட்டும் பசையும் சூட்டுப் பசைத் துப்பாக்கியும் பெரியவர் கையில் மட்டும். நெட்டி கிடைத்தால் விடாதீர்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீரில் வளரும் அந்தச் செடியின் தண்டை நறுக்கக் கூர்க்கத்தி வேண்டும் என்பதால் பிள்ளைக்கு ஆகாது. ஆனால் செதுக்கிப்போட்ட மீதித் துண்டுகள் பஞ்சு மாதிரி லேசு, பசை தொட்டதும் ஒட்டும். சின்னவள் ஒரு பை நிறைய வைத்திருக்கிறாள்.

பேச்சிலும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். "என்ன இது?" என்று கேட்டால் பிள்ளை தடுமாறுகிறது. பல சமயம் அது எதுவாகவும் இல்லை. "இத எப்படிச் செஞ்ச?" என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுகிறது. முடிக்காததை எடுத்துவைக்க அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறேன். அதைத் தூசி தட்டக்கூட நான் தொடுவதில்லை.

இப்போது அந்தத் தட்டில் இருப்பது ஒரு சப்பரம். ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகள் ஆற்றங்கரைக்கு இழுத்துப்போகும் சப்பரம் கடைத்தெருவில் விற்கிறது. பெரியவன் இந்த வருடம் தானே செய்யப்போகிறேன் என்றுவிட்டான். செருப்புப் பெட்டிதான் தேர். சக்கரத்துக்கு நாலு சோடா மூடி. அச்சுக்கு ஈர்க்குச்சி போட்டான், பாரம் தாங்காமல் வளைந்தது. மூங்கில் குச்சி போட்டான், மூடியும் குச்சியும் சேர்ந்து இறுகி உருளவே இல்லை. நேற்று ராத்திரி பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "குச்சி சுத்தணுமா, மூடி சுத்தணுமாம்மா?" என்று கேட்டான். "ரெண்டையும் பண்ணிப் பாரேன்" என்றேன். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, பேனா ரீஃபிள் காலியானது இருந்தால் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.